மாமனார் எடுத்த வீடியோ

சலவைக் கூடத்தில் எல்லோரும் அவளை மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மருத்துவமனைகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் விரிப்பு, போர்வை, துண்டு எல்லாம் வெளுத்து, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்புகிற பெரிய கூடம் அது. மடிக்கும் மேசைக்கு அவள்தான் ராணி. புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒரு விரிப்பைக் கசக்கிச் சுருட்டி வைத்தால், "கொண்டா இங்க, அது உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று பிடுங்கி, பேச்சோடு பேச்சாக மடித்துப் போடுவாள். பேச்சுக்கு அவளிடம் பஞ்சமே கிடையாது. இஸ்திரி இயந்திரத்தின் கூச்சலையும் மீறி, மூன்று மேசை தள்ளி நிற்பவரோடு நாள் முழுக்க வம்பளப்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரே ஓர் இடத்தில்தான் நாக்கு எழாது. காலையில் இயந்திரங்களை ஓடவிடுவதற்கு முன்னால், மேற்பார்வையாளர் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று அன்றைய வேலையைச் சொல்வார். எந்த மருத்துவமனை மூட்டை முதலில், எந்த இயந்திரம் பழுது, யார் எந்த மேசை, எல்லாம் அதில் அடக்கம். அந்த நேரத்தில் கூடம் நிசப்தமாக இருக்கும். போன வருஷம் ஒருநாள் மேற்பார்வையாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "நீ ஏறிச் சொல்லேன்" என்று மேனேஜர் அம்மா மடிப்பக்காவை ஏற்றிவிட்டார். ஏறினாள். முப்பது ஜோடிக் கண்கள் திரும்பின. உள்ளங்கை வேர்த்தது, தொண்டை வறண்டது, சொல்ல வந்ததெல்லாம் எங்கோ ஓடி ஒளிந்துகொண்டது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, "சரி, வேலையைப் பாருங்க" என்று சொல்லி இறங்கிவிட்டாள்.

எந்த வேலை என்று யாருக்குத் தெரியும்? அன்று மதியம் வரை குழப்பம்தான். ஆனால் குழப்பம் மறுநாளே தீர்ந்துவிட்டது. அந்த வாக்கியம் தீரவில்லை. யாராவது பேச்சில் தடுமாறினால் போதும், பக்கத்தில் இருப்பவர் "சரி, வேலையைப் பாருங்க" என்பார், சுற்றி இருப்பவர்கள் கொல்லென்று சிரிப்பார்கள். வண்டி ஓட்டுநர் ஒருவர் மனைவியோடு போனில் வாக்குவாதத்தில் தோற்றபோதுகூட அதையே சொல்லித்தான் வைத்தாராம். மடிப்பக்காவும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதது அவளுக்கும் குழாய்க்கும் மட்டும்தான் தெரியும்.

இப்போது அந்த மேற்பார்வையாளர் வேறு கிளைக்கு மாற்றலாகிப் போகிறார். அந்த இடம் தனக்கு வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். சும்மா ஓர் ஓரமாக அல்ல, பேராசையாகவே ஆசைப்பட்டாள். எந்த மூட்டை எங்கே போனால் எங்கே சிக்கும் என்று அவளுக்கு அத்துப்படி. போட்டிக்கு இருந்தவர் சீருடைப் பிரிவுக்காரர். அவருக்குக் கூடத்தில் வைத்த பெயர் ஒலிபெருக்கி. நல்ல மனுஷன்தான். ஆனால் காதில் ரகசியம் சொன்னாலும் பக்கத்துக் கட்டடத்துக்குக் கேட்கும்.

மேனேஜர் அம்மா அவளை அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "உன் வேலையைப் பத்தி நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஆனா பெட்டி மேல ஏறினா உனக்குப் பேச்சு வரலையே. தலைமை ஆபீஸ்ல, மேற்பார்வைக்கு வர்றவங்க எல்லாரும் 'தயங்காமல் பேசுங்கள்'னு ஒரு ஆன்லைன் படிப்பு முடிச்சிருக்கணும்னு சொல்றாங்க. சின்னப் படிப்புதான். சான்றிதழ் கொண்டா, மத்ததை நான் பார்த்துக்கறேன்."

அதே சான்றிதழை ஒலிபெருக்கி ஒரே வாரத்தில் வாங்கிவிட்டார். பாடங்களை இரட்டை வேகத்தில் ஓடவிட்டாராம். "அந்தம்மா பேசறது குருவி கத்தற மாதிரி இருந்துச்சு, ஆனா பாஸ்!" என்று அவர் சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது.

மடிப்பக்காவுக்கு அந்தக் குறுக்கு வழியெல்லாம் ஒத்துவராது. பேருந்தில் போகும்போது ஒரு பாடம், பாத்திரம் தேய்க்கும்போது ஒரு பாடம் என்று கேட்டாள். சோப்பு நுரைக் கையோடு நிறுத்தி நிறுத்திக் கேட்டதால் போனின் மூலையில் எப்போதும் ஒரு நுரை இருக்கும். பாடம் நடத்திய அம்மாள் எல்லாப் பல்லும் தெரியச் சிரிப்பவர். "உங்கள் எதிரில் இருப்பவர்கள் உங்கள் நண்பர்கள்!" என்பார். 'உனக்கென்ன, எதிரில் ஒரு கேமராதானே இருக்கு' என்று மடிப்பக்கா மனசுக்குள் பதில் சொல்வாள். கேள்வித்தாள்கள் எல்லாவற்றிலும் முழு மதிப்பெண். பேசுவதைப் பற்றி எழுதச் சொன்னால் என்ன கஷ்டம்? பேசச் சொன்னால்தானே கஷ்டம்.

கடைசியில் அதுவும் வந்தது. உங்களுக்குத் தெரிந்த ஒன்றை, குறைந்தது ஐந்து பேருக்கு முன்னால் நின்று, ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொடுங்கள். அதை வீடியோ எடுத்து ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அனுப்புங்கள். அதே படிப்பைப் படிக்கிற, முகம் தெரியாத மூன்று பேர் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். தவறவிட்டால் அடுத்த சுற்று இரண்டு மாதம் கழித்து. அதற்குள் ஒலிபெருக்கி பெட்டி மேல் ஏறியிருப்பார்.

எதைக் கற்றுக்கொடுப்பது என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. எலாஸ்டிக் வைத்த மெத்தை விரிப்பை மடிப்பது. நாலு மூலையும் சுருங்கிக்கொண்டு, எப்படிப் பிடித்தாலும் பிடிகொடுக்காத சாமான் அது. பாதிப் பேர் வீட்டில் அதைப் பந்தாகச் சுருட்டித்தான் அலமாரிக்குள் அடைக்கிறார்கள்.

ஆள் பிடிப்பதுதான் பெரும் பாடாகிவிட்டது. வீட்டில் கணவர், மாமனார், கல்லூரி போகிற மகள், ஆக மூன்று பேர். பக்கத்து ஊரில் இருந்து நாத்தனாரை வரச்சொன்னாள். நாத்தனார் வந்தால் ஐந்து நிமிடப் பேச்சில் நாலு நிமிடம் அவளுடையதாக இருக்கும். இருந்தாலும் ஆள் கணக்குக்கு வேண்டுமே. ஐந்தாவது ஆளாக மாடி வீட்டுக்காரர் வருவதாகச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்த்தால் அவர் வீட்டில் பூட்டுத் தொங்கியது.

"இப்ப என்ன பண்றது?" என்று அவள் கையைப் பிசைந்தாள்.

சமையலறையில் இருந்து "டொக்... டொக்..." என்று சத்தம் கேட்டது. ஒழுகுகிற குழாயைச் சரிபண்ண வந்த பிளம்பர், தொட்டிக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு படுத்திருந்தார். எல்லோரும் அந்தக் கால்களையே பார்த்தார்கள்.

"அண்ணே," என்றார் கணவர், "ஒரு அஞ்சு நிமிஷம் வந்து உக்கார முடியுமா?"

"எதுக்குங்க?"

"சும்மா உக்காரணும். என் வீட்டுக்காரி பேசுவா, கேக்கணும்."

பிளம்பர் தலையை வெளியே எடுத்து அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது என் வீட்டிலயே தினம் நடக்குதுங்களே" என்றார். ஆனாலும் ஸ்பேனரும் கையுமாக வந்து உட்கார்ந்தார். குழாயைப் பாதியில் விட்டுவிட்டு வந்ததால் சொட்டுச் சத்தம் முன்னைவிடப் பலமாகவே கேட்டது.

அடுத்து, வீடியோ யார் எடுப்பது? மகள் எடுத்தால் சிரித்துவிடுவாள், போன் ஆடும். கணவர் எடுத்தால் விரல்தான் தெரியும்; போன கல்யாணத்தில் எடுத்த படங்கள் சாட்சி. "ஏன், நான் இல்லையா?" என்று மாமனார் எழுந்தார். "தினம் போன்ல வீடியோ பாக்கறவன் நான்தானே?" அதுவும் உண்மைதான். வெளியூரில் இருக்கும் தன் மூத்த மகளோடு தினமும் சாயங்காலம் வீடியோவில் பேசுகிறவர் அவர். மகள் பதிவுப் பொத்தானை அமுக்கி, "தாத்தா, எதையும் தொடக்கூடாது, அப்படியே பிடிச்சுக்கணும்" என்று கையில் கொடுத்தாள். அவர் நடு இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் வரிசையாகக் கணவர், நாத்தனார், மகள், பிளம்பர்.

"ஆரம்பி அம்மாடி!" என்று மாமனார் உத்தரவு கொடுத்தார். உடனே, "கொஞ்சம் இரு... ஆங், இப்பதான் படம் நல்லா விழுது. ஆரம்பி" என்றார்.

மடிப்பக்கா விரிப்பைக் கையில் எடுத்தாள். துணி கைக்கு வந்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. அதையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"இதோட உள்பக்கம் உங்களைப் பார்த்து இருக்கட்டும். ரெண்டு மூலைக்குள்ளயும் ரெண்டு கையை விடுங்க, கையுறை போடற மாதிரி. இப்போ வலது கையை இடது கை கிட்ட கொண்டுவந்து, இந்த மூலையை அந்த மூலை மேல தொப்பி மாதிரி கவிழ்த்து விடுங்க. அவ்வளவுதான். ரெண்டு மூலை ஒண்ணாச்சு."

அதுவரைக்கும் சரியாகத்தான் போனது. அந்த நேரம் பார்த்து, "கேட்பவர்களைப் பார்த்துப் பேசுங்கள்" என்று அந்தப் பல்லுக்கார அம்மாள் சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. நிமிர்ந்தாள். பத்துக் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. போச்சு. வாய் திறந்தது திறந்தபடி நின்றது. கூடத்தில் மரப்பெட்டி மேல் நின்ற அதே நிமிடம், இங்கே வீட்டு வரவேற்பறையில். டொக், டொக், டொக் என்று குழாய் மட்டும் பேசியது. 'சரி, வேலையைப் பாருங்க' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"அக்கா," என்றார் பிளம்பர், "அந்த மூணாவது மூலை தொங்குதே, அதை என்ன பண்ணணும்?"

அவள் குனிந்து பார்த்தாள். ஆமாம், தொங்கிக்கொண்டிருந்தது. "அதைக் கீழ இருந்து தூக்கி, இதே மாதிரி மேல கவிழ்க்கணும்" என்றாள். அப்புறம் நாலாவது மூலை. மேசை மேல் போட்டு, சுருங்கின விளிம்பை உள்பக்கமாக மறைத்து, மூன்றாக மடித்து, திருப்பி இன்னும் மூன்றாக மடித்தாள். கடையில் இருந்து வந்த மாதிரி சதுரமாக ஒரு பொட்டலம். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகச் சமையலறைக்குள் போய்விட்டாள். கைதட்டல் எல்லாம் காதில் ஏறவில்லை. 'நடுவில் நின்னுட்டேனே, என்ன நினைச்சிருப்பாங்க' என்பதுதான் திரும்பத் திரும்ப ஓடியது. பிளம்பர் வந்து குழாயைச் சரிபண்ணிவிட்டு, "எங்க வீட்டில சொல்லிப் பாக்கறேன்க்கா" என்று போனார். நாத்தனாரும் பேருந்துக்கு நேரமாகிறது என்று கிளம்பினாள்.

ஐந்தரை மணிக்கு மகள் போனை எடுத்தாள், வீடியோவை அனுப்ப. அடுத்த நொடி, "தாத்தா!" என்று அவள் போட்ட கத்தலில் கணவர் தேநீரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

வீடியோவில் முதல் சில நொடிகள் மடிப்பக்கா தெரிந்தாள். அப்புறம் ஒரு பெரிய விரல் வந்தது. அப்புறம் மாமனாரின் முகம். அந்த மூக்கே திரையில் கால்வாசியை அடைத்துக்கொண்டது. அவர் திரையைப் பார்த்துத் தலைமுடியைக் கோதி, திருப்தியாக, "இப்பதான் படம் நல்லா விழுது" என்றார். கடைசிவரைக்கும் அவரும், அவருக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களும்தான். மடிப்பக்காவின் குரல் மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது.

"என்ன தாத்தா பண்ணினீங்க? தொடாதீங்கன்னு சொன்னேன்ல?"

"நான் எங்க தொட்டேன்? போனைப் பார்த்தா என் மூஞ்சியைக் காணோம். அதான் அந்தத் திருப்பற பட்டனை அமுக்கினேன்." அவருக்கு இன்னும் விஷயம் பிடிபடவில்லை. மூத்த மகளோடு பேசும்போது முகம் தெரியாவிட்டால் அவள் கத்துவாள்: 'அப்பா, சுவர் தெரியுது, திருப்புங்க!' போனில் அவர் பாடுபட்டுக் கற்றுக்கொண்ட ஒரே வித்தை அந்தப் பட்டன். போனைப் பிடித்தால் தன் முகம் தெரியவேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த சட்டம்.

விஷயம் பிடிபட்டதும் பாவம், மனுஷன் முகம் செத்துவிட்டது. எழுந்து உள்ளே போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

வீடு இரண்டுபட்டது. கணவர் பிளம்பருக்குப் போன் போட்டார்; எடுக்கவில்லை. நாத்தனார் பேருந்தில் ஏறிவிட்டாள். எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார், திறப்பாரில்லை. "விடும்மா, அடுத்த சுற்றில பாத்துக்கலாம்" என்றாள் மகள். அடுத்த சுற்று என்றால் என்ன அர்த்தம் என்று மூன்று பேருக்கும் தெரியும். மடிப்பக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு, வீடியோவை முதலில் இருந்து ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிளம்பர் ஆரம்பத்தில் கடிகாரத்தைப் பார்த்தார். "கையுறை போடற மாதிரி" என்று குரல் கேட்டதும் ஸ்பேனரைத் தரையில் வைத்தார். கணவர் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் சாய்ந்தார். வலது கையை இடது கைக்குக் கொண்டுவந்து காற்றில் எதையோ கவிழ்த்தார். யாரையும் பேசவிடாத நாத்தனார் வாயைத் திறந்தபடி, ஆனால் ஒரு சத்தமும் இல்லாமல், உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் அந்த இடம் வந்தது. குரல் நின்றது. டொக், டொக். நிறுத்திவிடலாமா என்று மடிப்பக்காவின் விரல் போனது. ஆனால் நிறுத்தவில்லை. அந்த மௌனத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. கணவரின் கைகள் காற்றில் பாதியில் நின்றிருந்தன, அடுத்து என்ன என்று கேட்கிற மாதிரி. மகள் நகத்தைக் கடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்தாள். மாமனார் போனை மறந்தே போயிருந்தார். போன் சரிந்து, அவர் முகத்தில் மோவாயும் உதடுகளும் மட்டும் தெரிந்தன. அந்த உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன: "சொல்லு அம்மாடி... சொல்லு..."

இத்தனை வருஷமாக அவள் பயந்தது இந்தக் கண்களுக்குத்தானா? மேலே நின்று பார்க்கும்போது வெறும் கண்களாகத் தெரிந்ததெல்லாம், இங்கே இருந்து பார்த்தால், மூன்றாவது மூலைக்காகக் காத்திருக்கிற மனிதர்களாக இருந்தார்கள். அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

"ஏம்மா அழற?" என்றார் கணவர்.

"அழல. உங்க கையைப் பாருங்க. விரிப்பே இல்லாம மடிக்கறீங்க."

மகளும் எட்டிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "அம்மா, தாத்தா எனக்கு நேர் முன்னாடிதான் உக்காந்திருந்தார். அந்த ஸ்கிரீன் என் மூக்குக்கு எதிர்லதான் இருந்துச்சு. அதுல என் மூஞ்சி தெரிஞ்சிருக்கு" என்றாள்.

"அதனால?"

"போனைப் பார்க்காம அஞ்சு நிமிஷம் இருக்கமாட்டேன்னு நீதானே என்னைத் திட்டுவ? நான் அதைப் பார்க்கவே இல்லையேம்மா. நாங்க யாருமே பார்க்கலையே."

மடிப்பக்கா போனை அவளிடம் நீட்டினாள். "இதையே அனுப்பு."

"அம்மா, நீ தெரியவே இல்ல!"

"தெரியலைன்னா என்ன, கேக்குதுல்ல? அனுப்பு."

மகள் அனுப்பினாள். நீல நிறக் கோடு நத்தை வேகத்தில் நகர்ந்து, ஆறு அடிக்கிறதற்குள் எப்படியோ போய்ச் சேர்ந்தது. மடிப்பக்கா உள்ளே போய் மாமனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனைக் காட்டினாள். "மாமா, உங்க மூக்கு எவ்வளவு நல்லா விழுந்திருக்கு பாருங்க." அவர் முதலில் பார்க்கமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டார். அப்புறம் ஓரக்கண்ணால் பார்த்தார். அப்புறம், "தலைமுடிதான் கொஞ்சம் கலைஞ்சிருக்கு" என்றார்.

முடிவு வியாழக்கிழமை வந்தது. முகம் தெரியாத மூன்று பேரில் முதல் ஆள் கறார் பேர்வழி. 'பேச்சாளரைக் காணவில்லை. பார்வையாளரைப் பார்த்துப் பேசுதல்: பூஜ்யம். உடல்மொழி: பேச்சாளருடையது தெரியவில்லை, முன்னால் இருக்கும் பெரியவருடையது நன்று.' இரண்டாவது ஆள் பாதி மதிப்பெண் போட்டு, 'தண்ணீர்க் குழாயைக் கவனிக்கவும்' என்று அறிவுரை சொல்லியிருந்தார். மூன்றாவது ஆள் நிறைய எழுதியிருந்தார்: 'முதலில் தவறான வீடியோ என்று நினைத்தேன். பிறகு அந்த வரிசையில் இருந்தவர்களைப் பார்த்து நானும் கேட்க ஆரம்பித்துவிட்டேன். நடுவில் நிறுத்தி, எங்கள் வீட்டு விரிப்பை எடுத்துவந்து, நீங்கள் சொல்லச் சொல்ல மடித்தேன். வந்துவிட்டது! மௌனமாக நின்ற இடத்தில் எனக்கும் மூன்றாவது மூலை தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ஸ்பேனர் வைத்திருந்தவருக்கு என் நன்றி.'

கூட்டிப் பார்த்தால் தேர்ச்சிக்குக் கொஞ்சம் குறைவு. கீழே சிவப்பு எழுத்தில், மீண்டும் முயற்சி செய்க.

"என்னாலதான்" என்றார் மாமனார், மறுபடியும் கட்டிலைப் பார்த்துக்கொண்டு.

"ஆமா மாமா, உங்களாலதான்" என்றாள் அவள். "அடுத்த தடவையும் நீங்கதான் எடுக்கணும். முதல்ல நான் தெரியற மாதிரி ஒண்ணு. அப்புறம் உங்க பட்டனை அமுக்கி எனக்குன்னு தனியா ஒண்ணு." அவருக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் வேலை பறிபோகவில்லை என்பது புரிந்துவிட்டதால் அன்று இரண்டு வாய் கூடுதலாகவே சாப்பிட்டார்.

மறுநாள் அவள் கூப்பிடாமலே மேனேஜர் அம்மாவின் அறைக்குப் போனாள். அதுவே அந்தக் கூடத்தில் ஒரு செய்தி.

"படிப்புல பாஸ் ஆகல மேடம்."

மேனேஜர் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்புறம்?"

"நாளைக்குக் காலையில பெட்டி மேல நான் ஏறுறேன். கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க. சரியா வரலைன்னா, அவருக்கே குடுத்துடுங்க. நான் மனசுல வச்சுக்கமாட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "வச்சுக்குவேன். ஆனா வெளியில காட்டமாட்டேன்" என்றாள்.

மேனேஜர் அம்மா சிரித்துவிட்டார். "தலைமை ஆபீஸுக்கு நான் என்ன சொல்றது?"

"ஃபெயில் ஆனவங்க திரும்ப முயற்சி பண்ணலாம்னு அவங்களே போட்டிருக்காங்களே மேடம். பாஸ் ஆகற வரைக்கும் தற்காலிகம்னு வச்சுக்கலாம்."

"பேச்சு வரலைன்னு யார் சொன்னது உனக்கு?" என்றார் மேனேஜர் அம்மா. "நாளைக்கு ஏறு. ஆனா உளறினா நான் காப்பாத்தமாட்டேன்."

மறுநாள் காலை இயந்திரங்கள் எதுவும் ஓடவில்லை. ஈரத் துணி வாசனையும் நிசப்தமும்தான். மரப்பெட்டி அவள் ஏறியதும் கிரீச்சென்றது. முப்பது ஜோடிக் கண்கள் திரும்பின. உள்ளங்கை வேர்த்தது, தொண்டை வறண்டது. அதெல்லாம் எங்கேயும் போய்விடவில்லை, ஒழுங்காக வேலைக்கு வந்திருந்தன. பின்வரிசையில் ஓர் ஓட்டுநர் இப்போதே உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கத் தயாரானார். அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

இந்தத் தடவை அவள் கண்களைப் பார்க்கவில்லை, முகங்களைப் பார்த்தாள். கொதிகலன்காரர் கணவரைப் போலவே முன்னால் சாய்ந்து நின்றார். துவைக்கும் பிரிவுப் பெண் ஒருத்தி வாயைத் திறந்துகொண்டு நின்றாள், நாத்தனார் தோற்றாள். முதல் வரிசையில் ஒலிபெருக்கி நின்றார். தனக்குப் போட்டியாக ஏறியிருப்பவளைப் பார்த்து அவருடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. வாழ்க்கையில் முதல்முறையாகச் சத்தமே இல்லாமல் ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டிருந்தார்: "சொல்லுக்கா... சொல்லு..."

"இன்னைக்குப் புது மருத்துவமனை மூட்டை வந்திருக்கு," என்றாள் மடிப்பக்கா. "எல்லாமே எலாஸ்டிக் விரிப்பு. சாதா விரிப்போட கலந்துட்டா இஸ்திரி மெஷின்ல சிக்கும், அதனால முதல் ரெண்டு மேசையில பிரிச்சுத் தனியா வைங்க. மூணாவது மெஷினுக்கு இன்னைக்கு ஓய்வு, கிட்ட போகாதீங்க. மடிக்கத் தெரியாதவங்க என் மேசைக்கு வாங்க. நாலு மூலைதான் இருக்கு. மூணாவது மூலையில மாட்டிக்கிட்டீங்கன்னா வெக்கப்படாம வாயைத் திறந்து கேளுங்க. அங்கதான் எல்லாரும் மாட்டுவாங்க. நானும் மாட்டியிருக்கேன்."

யார் எந்த மேசை என்றும் சொன்னாள். எந்த வண்டி எப்போது கிளம்பும் என்றும் சொன்னாள். ஒருவர் கேள்வி கேட்டார், பதிலும் சொன்னாள். மேனேஜர் அம்மா கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பாதியில் கட்டிய கையை அவிழ்த்துவிட்டார்.

சொல்லவேண்டியதெல்லாம் சொல்லியாயிற்று. இனி எப்படி முடிப்பது? பேச்சை முடிப்பதற்கென்றே அந்தப் பல்லுக்கார அம்மாள் ஒரு முழுப் பாடம் நடத்தியிருந்தார். அதில் ஓர் எழுத்துகூட இப்போது ஞாபகத்தில் இல்லை. மடிப்பக்கா பெட்டி மேல் நின்றபடி கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். அவர்களும் அவளைப் பார்த்தார்கள்.

"சரி," என்றாள்.

கூடம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"வேலையைப் பாருங்க."

முதலில் சிரித்தது அவள்தான். அப்புறம் கூரை அதிர்ந்தது. ஒலிபெருக்கியின் சிரிப்பு மட்டும் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். யாரோ இயந்திரத்தை ஓடவிட்டார்கள். அன்றைக்கு எந்த வேலை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.